செக்கிங் டேபிளுக்குப் போகாத பீஸ்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கும் அம்மிணி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வாசிப்புக் குழுவில் எட்டுப் பேர். இந்த மாதம் 'ஜுராசிக் பார்க்' டைனோசர் கதை எழுதிய மைக்கேல் கிரைட்டனின் 'பைரேட் லேட்டிட்யூட்ஸ்' என்ற கடற்கொள்ளை நாவலைப் படித்தோம். மூன்று பேர் ஒரே ராத்திரியில் முடித்ததாகச் சொன்னார்கள். மூன்று பேர் காசுக்குப் பிடித்த கேடு என்றார்கள். ஒருத்தர், இது அவர் எழுதியதே கிடையாது, செத்த பிறகு பதிப்பகம் ஆள் வைத்து எழுதியது என்று சத்தியம் செய்கிறார். எட்டாவது ஆள் நான். ஒரே புத்தகத்துக்கு எப்படிங்க இத்தனை அபிப்பிராயம்? எது சரி?"

பாருங்க அம்மிணி, பொள்ளாச்சியில் 26 வருஷம் வாடகைக்குப் புத்தகம் விட்டவன் நான். கடை இப்போது இல்லை. மிச்சப் புத்தகங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில், தேங்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. கடையில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக்கோ பெருக்கல் குறியோ போட வேண்டும். அடுத்து எடுக்கிறவருக்கு உதவுமே என்றுதான். சிலர் குறியோடு ஒரு வரியும் எழுதுவார்கள். சிலர் எனக்கு வாடகை பாக்கி இருப்பதையும் அங்கேயே எழுதி வைத்தார்கள், அது வேறு கதை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் மாடிக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 6 டிக், 5 பெருக்கல். "கோயமுத்தூர் பஸ்ஸில் இறங்க மறந்துட்டேன்" என்று ஒரு டிக். அதற்கு நேர் கீழே, "டைனோசர் எழுதின ஆளா இது?" என்று ஒரு பெருக்கல். உங்கள் எட்டுப் பேரும் என் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

முதலில் அந்தச் சத்தியக்காரரை முடித்துவிடுவோம். கிரைட்டன் 2008 நவம்பர் 4ஆம் தேதி புற்றுநோயில் இறந்தார். வயது 66. அதற்கப்புறம் அவருடைய உதவியாளர் கம்ப்யூட்டர் கோப்புகளைப் பார்த்தபோது இந்த நாவல் முழுசாக இருந்தது. மறு வருஷம் நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் வெளியிட்டது. அதே கம்ப்யூட்டரில் முடியாத நாவல் ஒன்றும் இருந்தது. அதை ரிச்சர்ட் பிரஸ்டன் என்ற எழுத்தாளரிடம் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். 'மைக்ரோ' என்ற பெயரில் 2011இல் வந்தது, அட்டையிலேயே இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அவர் முடிக்காமல் விட்டு 2024இல் வந்த எரிமலைக் கதையிலும், அதை முடித்த திரில்லர் எழுத்தாளர் ஜேம்ஸ் பேட்டர்சன் பெயர் பெரிசாகவே இருக்கிறது. ஆக, இன்னொருவர் கை பட்ட இடத்தில் அதை மறைக்கவில்லை. மறைப்பானேன், பேட்டர்சன் பெயருக்கே தனி விற்பனை உண்டு. கடற்கொள்ளை நாவலின் அட்டையில் கிரைட்டன் பெயர் மட்டும்தான். 2017இல் வந்த, எலும்பு தோண்டும் கதையான 'டிராகன் டீத்' நாவலும் அப்படித்தான்.

அப்படியானால் அந்த ஆளுக்கு ஏன் சந்தேகம் வந்தது? சந்தேகம் நியாயம்தான், காரணம்தான் தப்பு. உங்கள் தொழில் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். பீஸ் தைத்து முடித்தாயிற்று. கையும் கழுத்தும் சரியாக இருக்கிறது, அளவும் சரி. ஆனால் செக்கிங் டேபிளுக்குப் போகவில்லை, பிசிர் நூல் வெட்டவில்லை, அயர்னும் போடவில்லை. அதற்குள் பேக்கிங் ஆகி கன்டெய்னர் ஏறிவிட்டது. வாங்கினவர் கையில் எடுத்துப் பார்த்து, இது அந்தக் கம்பெனி சரக்கே இல்லை என்கிறார். கம்பெனி சரக்குதான், கடைசி இரண்டு டேபிளைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். 'மைக்ரோ' வேறு வகை: கழுத்து ஒரு டெய்லர், கை இன்னொரு டெய்லர்.

இது நானாகச் சொல்லும் கணிப்பு. கிரைட்டன் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கதையிலேயே எனக்குத் தடயம் கிடைத்தது. அதற்கு முன் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், படிக்காதவர்களும் இதைப் பார்ப்பார்கள்.

1665ஆம் வருஷம், ஜமைக்காவில் போர்ட் ராயல் துறைமுகம். இங்கிலாந்துக்காரர்கள் ஸ்பெயினிடமிருந்து அந்தத் தீவைப் பிடித்து பத்தே வருஷம் ஆகியிருக்கிறது. சுற்றிலும் ஸ்பானிய ராஜ்ஜியம். சார்லஸ் ஹன்டர் என்ற கேப்டனுக்கு ஒரு தகவல் வருகிறது: புதையல் ஏற்றிய ஸ்பானியக் கப்பல் ஒன்று மாட்டன்செரோஸ் என்ற கோட்டைத் தீவில் ஒதுங்கி நிற்கிறது. கோட்டைக்குத் தலைவன் கசாயா, ஈவிரக்கம் இல்லாதவன். கடல் பக்கம் முழுக்கப் பீரங்கி. பின்பக்கம் செங்குத்துப் பாறை, யாரும் ஏற முடியாது என்று காவலே கிடையாது. ஹன்டர் கவர்னரின் சம்மதத்தோடு ஆள் சேர்க்கிறான். வெடிமருந்து தெரிந்த ஒரு யூதர், நாக்கறுக்கப்பட்ட பலசாலி மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை அப்படிச் சொல்வார்கள்), ஆண் வேஷத்தில் திரியும் கழுகுக்கண் பெண் ஒருத்தி, ஆளைக் கொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரன். பாறை ஏறுகிறார்கள்.

இதில் 'கடற்கொள்ளையன்' என்று அவர்களைக் கூப்பிட்டால் ஹன்டருக்கே கோபம் வரும். கவர்னர் கொடுத்த எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இருந்தால் எதிரி நாட்டுக் கப்பலைக் கொள்ளையடிப்பது சட்டப்படியான தொழில், அரசுக்கும் பங்கு உண்டு. அனுமதி இல்லையென்றால் தூக்கு. நம் ஆற்று மணல் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்: பர்மிட் இருந்தால் லோடு, இல்லாவிட்டால் திருட்டு. மணலும் ஒன்று, லாரியும் ஒன்று. கதையின் பின்பாதி வழக்கெல்லாம் இந்த ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது. பலர் இதைக் கவனிக்காமல், "திரும்பி வந்தவனை ஏன் ஜெயிலில் போட்டார்கள், புரியவில்லை" என்கிறார்கள். என் கடைசிப் பக்கத்திலும் ஒரு பெருக்கல் குறி அந்தக் காரணத்தால்தான்.

வரலாறு எவ்வளவு நிஜம் என்று கேட்பீர்கள். கதையில் வரும் கவர்னர் ஆல்மண்ட் கற்பனை. நிஜத்தில் அப்போது ஜமைக்கா கவர்னர் தாமஸ் மாடிஃபோர்ட். ஊர் நிஜம். சாராயமும் கொள்ளைப் பணமுமாகக் கொழித்த ஊர். 1692 ஜூன் 7 அன்று பூகம்பத்தில் அதன் பெரும்பகுதி கடலுக்குள் இறங்கிவிட்டது. முன்பக்கம் பீரங்கி இருக்கும்போது பின்பக்கமாகப் போவதும் நடந்ததுதான். 1668இல் ஹென்றி மோர்கன், ஸ்பானியரின் போர்ட்டோபெலோவைக் கடல் வழியாக நேராகத் தாக்காமல், தூரத்தில் கப்பலை நிறுத்திவிட்டு, ராத்திரியில் படகில் போய் இறங்கி, விடியற்காலையில் நிலத்துப் பக்கமிருந்து பிடித்தார். அப்புறம் அந்த மோர்கனுக்கே இங்கிலாந்து சர் பட்டமும் ஜமைக்காவில் துணை கவர்னர் பதவியும் கொடுத்தது. ஹன்டரைப் படைக்கும்போது கிரைட்டன் மனசில் மோர்கன் இருந்திருப்பார் என்பது என் ஊகம்.

இப்போது அந்தத் தடயம். கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிக்கொள்ளுங்கள்.

கோட்டை ஏறி, வெடி வைத்து, கப்பலைக் கிளப்பும் வரை புத்தகம் கச்சிதம். ஆள் சேர்ப்பு, பொருள் சேர்ப்பு, திட்டம், திட்டத்தில் ஓட்டை, அதை அடைக்கும் சமயோசிதம் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சரியாக விழுகிறது. எலியின் குடலை வெடிக்குத் திரியாக்கும் இடத்தில் நம் பழைய ஆள் கண் சிமிட்டுகிறார். கப்பல் கைக்கு வந்த பிறகு பாருங்கள்: துரத்தும் போர்க்கப்பல், புயல், ஆளைத் தின்னும் தீவுக்காரர்கள், கடல் பூதம், துரோகம், வழக்கு, பழிவாங்கல். ஒவ்வொன்றும் வந்த வேகத்தில் போகிறது. ஒரு ஆபத்துக்கும் அடுத்த ஆபத்துக்கும் ஒட்டு இல்லை.

அந்தக் கடல் பூதம்தான் என் சாட்சி. கிராக்கன் என்று பெயர், கப்பலையே வளைத்துப் பிடிக்கும் ராட்சதக் கணவாய். (எங்களுக்குத் தெரிந்த கணவாய் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் என்று கடையில் ஒருவர் சிரித்தது நினைவு வருகிறது.) பூதம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிரைட்டன் பூதத்தைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. 1976இல் எழுதிய 'ஈட்டர்ஸ் ஆஃப் தி டெட்' நாவலில் பனிமூட்டத்தில் வந்து ஆளைத் தின்னும் பூதக்கூட்டம் ஒன்று வரும். கடைசியில் பார்த்தால் அவை அழியாமல் மிஞ்சிய நியாண்டர்தால் மனிதர்களாக இருக்கலாம் என்று, பொய்யான அடிக்குறிப்பெல்லாம் போட்டு நம்ப வைத்திருப்பார். பேய்க்கும் ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கிற ஹார்வர்ட் டாக்டர் அவர். அப்படிப்பட்டவர் இங்கே கிராக்கனைக் கொண்டுவந்து, நான்கைந்து பக்கம் ஆட்டிவிட்டு, ஒரு விளக்கமும் இல்லாமல் அனுப்பிவிடுகிறார். "இங்கே ஒரு பூதம் வேண்டும், பிறகு பார்க்கலாம்" என்று எழுதிவைத்த இடம் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. அந்தப் 'பிறகு' வரவில்லை.

சரி, பிசிர் இருக்கிறது. இதே பிசிரைப் பார்த்தும் பாதிப் பேர் டிக் போட்டார்களே, அது எப்படி? அந்த 11 பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். யார் எதைப் படித்துவிட்டு இதற்கு வந்தார்கள் என்பது என் பழைய நோட்டில் இருந்தது. அதில்தான் விஷயம் பிடிபட்டது.

பெருக்கல் போட்ட ஐந்து பேரில் நான்கு பேர் டைனோசர் கதையில் ஆரம்பித்து, மரபணு, நானோ, பருவநிலை என்று அவருடைய பிற்கால நாவல்களை வரிசையாக எடுத்தவர்கள். அந்த வரிசைக்குப் பழகினால் ஒவ்வொரு புத்தகத்திலும் புதிதாக ஒரு அறிவியல் பாடம், ஒரு எச்சரிக்கை, ஒரு வாதம் கிடைக்கும். 2004இல் வந்த பருவநிலை நாவலில் வரைபடமும் அடிக்குறிப்பும் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். அதைப் பிடித்து வளர்ந்தவருக்கு, பாடமே இல்லாத இந்தக் கதை உப்பில்லாத கொள்ளுப்பருப்பு.

டிக் போட்டவர்களில் இரண்டு பேர் கிரைட்டனையே முதல்முறையாகப் படிக்கிறார்கள். டிக் போட்ட வேறொருத்தர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கிரைட்டனின் 'தி கிரேட் டிரெய்ன் ராபரி' என்ற 1975 நாவலை என்னிடமே மூன்று தடவை எடுத்தவர். லண்டனிலிருந்து தங்கம் போகும் ரயிலை விக்டோரியா காலத்தில் எப்படித் திட்டம் போட்டு அடித்தார்கள் என்ற கதை. அவர் எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: "ரயிலுக்குப் பதில் கப்பல். மற்றபடி அதே ஆள்தான்."

இதைவிட நல்ல மதிப்புரையை நான் எங்கும் படிக்கவில்லை. கிரைட்டன் டைனோசருக்கு முன்னால் கொள்ளைத் திட்டம் போடும் கதைக்காரர். மருத்துவம் படிக்கும்போதே ஜான் லாங்கே என்ற புனைபெயரில் சின்னச் சின்ன திரில்லர்கள் எழுதிக் கைச்செலவுக்குச் சம்பாதித்தவர். இந்த நாவலை அந்த வரிசையில் வைத்தால் பொருந்துகிறது, 'ஜுராசிக் பார்க்' வரிசையில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கிறது. உங்கள் குழுவிலும் விசாரித்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்ற மூவரும் இதற்கு முன் என்ன படித்தார்கள் என்று.

மிச்சம் ஒரு பெருக்கல், எங்கள் ஊர்த் தேங்காய் வியாபாரி ஒருவருடையது. அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவர் சாண்டில்யனின் 'கடல் புறா' மூன்று பாகத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். அதில் அகூதா என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவன் வருவானே, இளைய பல்லவனுக்குக் கடல் போர் கற்றுக்கொடுப்பவன். அவனுக்கு ஒரு கம்பீரம் உண்டு, மரியாதை உண்டு. நாயகி கண்ணைத் தாழ்த்த ஒரு பக்கம், நிமிர்த்த ஒரு பக்கம் ஆகும். அந்த ருசிக்குப் பழகியவர் போர்ட் ராயல் சாராயக்கடைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? "இதில் மனுசன் ஒருத்தனும் இல்லீங்க, எல்லாம் கத்தியும் பல்லும்தான்" என்றார். தப்பென்று சொல்ல மாட்டேன். இந்த நாவலின் ஆட்கள் சீட்டுக்கட்டு மாதிரி: ஆளுக்கு ஒரு திறமை, ஒரு தழும்பு, அதோடு சரி. யூதர், மூர் என்று இனப்பெயரைச் சொல்லியே ஆளைக் காட்டுவது இன்றைக்குப் படிக்கும்போது உறுத்துகிறது. ரத்தமும் ஆபாசமும் கூடுதல். கடற்கொள்ளைக் கதைதானே என்று பத்தாவது படிக்கும் மகளுக்கு எடுத்துப் போன அப்பா ஒருவர், மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். குழுவில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே உரிய சிரமம். கொங்கு நாட்டில் கடல் இல்லை. எனக்குக் கிட்டத்துக் கடல் என்றால் பாலக்காடு தாண்டிப் பொன்னானி. நான் கடலைப் பார்த்ததே 19 வயதில். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பாயை இறக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக வரும்போது, கடலோரத்து வாசகர் அனுபவித்துப் படிக்கிற இடத்தில் நாம் பக்கத்தைத் தள்ளுகிறோம். ஆனால் கடற்கொள்ளை நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊர் வழியாகப் போகும் அதே நொய்யலில் கீழே இறங்கினால் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று அதன் அணிகலனைப் பாடுகிறது. காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பக்கத்து மணிக்கல் அங்கே பட்டை தீட்டப்பட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போய் ரோமாபுரிக்குக் கப்பல் ஏறியிருக்கிறது. அந்தக் கரையில் இருந்த சேரர் துறைமுகமான முசிறியில் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்துவது உசிதமில்லை, பக்கத்திலேயே கடற்கொள்ளையர் இருக்கிறார்கள் என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். காங்கேயத்துக் கல்லை எத்தனை ஹன்டர்கள் வழிமறித்தார்களோ.

விமர்சகர்களும் வாசகர்களும் வெளியூரிலும் இப்படித்தான் பிரிந்தார்கள். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே ஸ்டீவன் ஸ்பீல்பர்க் படமாக்க முன்வந்ததாகச் செய்தி வந்தது, திரைக்கதைக்கு 'ஜுராசிக் பார்க்' படத்துக்கு எழுதிய டேவிட் கோப். அது எதிர்பார்ப்பை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டது. படம் இதுவரை வரவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று: செத்தவர் வெளியிடாததை வெளியிடலாமா? இதே 2009 நவம்பரில் இன்னொரு புத்தகமும் வந்தது. 'லோலிட்டா' எழுதிய நபக்கோவ் இறக்கும்போது குறிப்பட்டைகளில் எழுதி முடியாமல் வைத்திருந்தது, எரித்துவிடச் சொல்லிவிட்டுப் போனது. 32 வருஷம் கழித்து மகன் வெளியிட்டார். அங்கே ஆசிரியரின் பேச்சை மீறினார்கள். கிரைட்டன் அப்படி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை, அதனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நம் பக்கம் கல்கி 1954 டிசம்பரில் காலமானபோது 'அமரதாரா' தொடர் பாதியில் நின்றது. அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்தார், வாசகர்களுக்கும் யார் எழுதுகிறார் என்று தெரிந்தே இருந்தது. பாரதியின் 'சந்திரிகையின் கதை' பாதியிலேயே நிற்கிறது, யாரும் தொடவில்லை, நாம் அப்படியேதான் படிக்கிறோம்.

எனக்கு வெளியிட்டதில் வருத்தமில்லை. வருத்தம் வேறு. முன்னால் ஒரு பக்கம் சேர்த்து, இது அவருடைய கோப்பில் இப்படிக் கிடைத்தது, இன்ன வருஷம் எழுதியதாக இருக்கலாம், நாங்கள் இவ்வளவுதான் கை வைத்தோம் என்று விவரமாகச் சொல்லியிருக்கலாம். என் பிரதியில் அப்படி ஒரு பக்கம் கிடையாது. நீங்கள் பையருக்கு சாம்பிள் அனுப்பும்போது சாம்பிள் என்று டேக் கட்டாமல் அனுப்புவீர்களா? டேக் இருந்திருந்தால் உங்கள் குழுவில் அந்தச் சத்தியக்காரர் சத்தியம் செய்திருக்க மாட்டார்.

எது சரி என்று கேட்டீர்கள். கடைக்காரன் குறி போடக் கூடாது என்று இத்தனை வருஷம் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியதில்லை. நேற்று மாடியில் பென்சில் கையில் இருந்தது, எழுதினேன்: "டிக். கப்பல் கிளம்பும் வரை." புத்தகம் வேண்டுமென்றால் பொள்ளாச்சிப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம். அந்த ரயில் கொள்ளை நாவலையும் கூடவே எடுத்து வைக்கிறேன், ரயில்வேக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டால்.